கொசுவர்த்திச் சுருளில் ஒரு புரட்சிப் பாட்டு

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். தட்டைச் சுழலவிட்டு முள்ளை இறக்கியதும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் காதை முள்ளின் பக்கத்தில் கொண்டுபோனால், கொசு பாடுவதுபோல் பாட்டு கேட்கும். கூர்ந்து கேட்டால் சொற்கள்கூடப் பிடிபடும். மின்சாரத்துக்கு அங்கே தட்டைச் சுற்றுகிற வேலை மட்டும்தான். பிளாஸ்டிக்கின் மேல் ஒரு வைரத் துணுக்கு உரசுகிறது. அந்த உரசல்தான் பாட்டு.

நான் அப்படிக் கேட்டது, சிலி நாட்டில் 1971-இல் வெளிவந்த ஓர் எல்.பி.யின் மறுபதிப்பை. பாடியவர் விக்டர் ஹாரா. ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், நாடக இயக்குநர், கிட்டாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். ஆல்பத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘அமைதியாக வாழும் உரிமை’. முதல் பக்கத்தின் முதல் பாட்டுக்கும் அதே பெயர். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஹோ சி மினை நினைத்து எழுதிய பாட்டு அது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனாலும் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் முள் மட்டும் அந்தக் குரலை முணுமுணுத்தபோது முதுகுத்தண்டு சில்லிட்டது. அந்தக் குரலின் சொந்தக்காரரை, அந்தத் தட்டு வந்து இரண்டே ஆண்டுகளில், அவர் நாட்டு ராணுவமே கொன்றுவிட்டது. பிறகு தட்டையும் அழிக்கப் பார்த்தார்கள். அது ஏன் முடியவில்லை என்பதற்கான விடையில் பாதி அரசியல். மீதிப் பாதி இயற்பியல். எனக்கு அந்தப் பாதிமேல்தான் கண்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நூற்றுக்கணக்கான வட்டங்கள் தெரியும். உண்மையில் அங்கே வட்டமே இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கோடுதான், கொசுவர்த்திச் சுருள் மாதிரி வெளியிலிருந்து உள்ளே சுற்றிக்கொண்டு போகிறது. எவ்வளவு நீளம் என்று கணக்குப் போடலாம். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் 667 சுற்று. வெளிச் சுற்று பெரிது, உட்சுற்று சிறிது. சராசரியாக ஒரு சுற்று 65 சென்டிமீட்டர். பெருக்கினால் 430 மீட்டருக்கு மேல் வருகிறது. கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வாய்க்கால், சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில் சுருண்டு கிடக்கிறது. அதன் அகலம் சுமார் 0.05 மில்லிமீட்டர், அதாவது மெல்லிய தலைமுடி அளவு.

வாய்க்கால் என்று சும்மா சொல்லவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கரையும் நெளிந்து நெளிந்து போவது தெரியும். அந்த நெளிவுதான் ஒலி. பாடகர் வாய் திறந்தபோது காற்று முன்னும் பின்னும் எப்படி அசைந்ததோ, அந்த அசைவின் படம் கரையில் வெட்டப்பட்டிருக்கிறது. முள் அந்தக் கரைகளுக்கு நடுவே இறங்கி, தள்ளுகிற பக்கமெல்லாம் ஆடுகிறது. முள்ளின் மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம். அது ஆட ஆட, பக்கத்தில் உள்ள கம்பிச்சுருளில் சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கிறது. மிச்ச வேலை ஆம்ப்ளிஃபையருக்கு.

இந்த இடத்தில் நான் சின்ன வயதில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே முள், ஒரே வாய்க்கால். கிட்டார், டிரம்ஸ், குரல், பின்னால் பாடுகிற கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் எப்படி அதற்குள் அடங்கும்? ஆளுக்கொரு பள்ளம் வேண்டாமா?

கோயில் தெப்பக்குளத்தில் ஒரு தக்கை மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்குப் படியில் ஒரு பையன் கல்லெறிகிறான், கிழக்குப் படியில் ஒருத்தர் துணி அலசுகிறார், நடுவில் நாலு பேர் நீந்துகிறார்கள். எல்லா அலையும் தக்கையிடம் வந்து சேர்கின்றன. ஆனால் எந்த நொடியிலும் தக்கை இருப்பது ஒரே ஓர் உயரத்தில்தான். வந்த அலைகள் எல்லாம் கூட்டிக் கழித்து அந்த ஓர் உயரமாகிவிடுகின்றன. உங்கள் செவிப்பறையும் அப்படித்தான். கச்சேரியில் எத்தனை வாத்தியம் இருந்தாலும் ஒரு கணத்தில் செவிப்பறை மீது விழும் காற்றழுத்தம் ஒரே ஓர் எண். அந்த எண்ணை வரிசையாகக் குறித்துவைத்தால் போதும், பள்ளம் தயார். கலந்ததைப் பிரித்தெடுக்கும் வேலை காதினுடையது: உள்காதின் நத்தைச் சுருளில் தாழ்ந்த சுருதி ஓரிடத்தையும் உயர்ந்த சுருதி வேறோர் இடத்தையும் அசைக்கிறது. மூளை அதைவைத்து இது கிட்டார், இது குரல் என்கிறது. தட்டு கலந்து வைப்பதோடு சரி.

கலப்பு என்றதும் அந்தத் தலைப்புப் பாட்டுக்கு வந்தாக வேண்டும். அன்றைய சிலியில் அதுவே ஒரு சண்டைக்கான விஷயம். மண்ணின் பாட்டை மீட்கவேண்டும் என்று கிளம்பிய ‘புதிய பாடல்’ இயக்கம் சரங்கோ, கெனா போன்ற ஆண்டிஸ் மலை வாத்தியங்களைக் கையில் எடுத்திருந்தது. சரங்கோ என்பது பத்துத் தந்தி கொண்ட குட்டி வாத்தியம். கெனா நம் ஊர்ப் புல்லாங்குழலுக்குத் தூரத்துச் சொந்தம். இடதுசாரிகளில் பலருக்கு எலெக்ட்ரிக் கிட்டார் என்றாலே அமெரிக்க இறக்குமதி, தொடக்கூடாத பண்டம். ஹாரா லாஸ் பிளாப்ஸ் என்ற ராக் குழுவை ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து, வியட்நாமுக்கான பாட்டிலேயே அந்தக் கிட்டாரைச் சேர்த்தார். அமெரிக்கப் போருக்கு எதிரான பாட்டு அமெரிக்காவில் பிறந்த ராக் ஒலியோடு வந்தது. இதே ஆல்பத்தில் சாண்டியாகோவின் பணக்காரத் தெருக்களைக் கிண்டலடிக்கும் பாட்டொன்றும் இருக்கிறது. அதன் மூலமும் மால்வினா ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் பாட்டுதான். மனிதர் பகையைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்: அவருக்குப் பகை குண்டு போடுகிறவர்களோடுதான், கிட்டாரோடு இல்லை.

பள்ளத்துக்குத் திரும்புவோம். ஸ்டீரியோ வந்தபோது இடது, வலது என்று இரண்டு ஒலிகளை ஒரே வாய்க்காலில் வைக்க வேண்டியதாயிற்று. ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-லேயே காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த யோசனை, கடைகளுக்கு வர 1950-களின் பிற்பகுதி ஆகிவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. 1942-இல் போர்க்கால ரேடார் சோதனையின்போது விமான விபத்தில் இறந்துபோனார். யோசனை இதுதான்: பள்ளம் ‘வி’ வடிவம், இரண்டு சுவரும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஒரு சுவரில் இடது ஒலி, மற்றதில் வலது ஒலி. முள் பக்கவாட்டில் மட்டும் ஆடாமல் மேலும் கீழும் சேர்ந்து ஆடும். இரண்டு கம்பிச்சுருள்கள் அந்த ஆட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஒற்றை முள் இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது கொஞ்சம் கண்கட்டு வித்தையாகவே படுகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. கனத்த தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். கீச்சென்ற உயர்ந்த ஒலியின் நெளிவோ தூசியின் சரசரப்புக்குள் காணாமல் போகும் அளவுக்குச் சிறியது. அதனால் வெட்டும்போதே ஒரு பொய் சொல்கிறார்கள். கேட்கக்கூடிய ஒலியின் அடிமட்டத்தை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, உச்சத்தைப் பத்து மடங்கு பெருக்கி வெட்டுகிறார்கள். கேட்கும் இடத்தில் ஆம்ப்ளிஃபையர் அதை நேர்மாறாகத் திருப்பிவிடுகிறது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு பெருக்குவது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த அளவையே பிறகு உலகம் எடுத்துக்கொண்டது. நான் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் கேட்ட பாட்டு கொசுக்குரலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். திருத்தாத பிரதி அது.

அளவுகளைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். மெல்லிய ஒலியின் நெளிவு, நாம் கண்ணால் காணும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில்கூட அதைப் பார்க்க முடியாது. ஆனால் முள்ளுக்குத் தெரியும். முள்ளின் மீது இரண்டு கிராம் எடைதான் இருக்கும். அது தொடுகிற பரப்போ மிகமிகச் சிறியது என்பதால், அந்த இடத்து அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். இப்படி அழுத்தினால் தேயாமல் என்ன செய்யும்? ‘தேய்ஞ்ச ரெக்கார்டு’ என்று நாம் வையும்போது சரியான இயற்பியலைத்தான் பேசுகிறோம். ஒரு தட்டை ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அதில் மயிரிழையிலும் மயிரிழை அளவு போய்விடுகிறது.

தட்டின் ஓரமும் நடுவும் சமமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஒரே ஒரு நொடிப் பாட்டை அங்கே தாராளமாக விரித்து எழுதலாம், இங்கே நெருக்கியடித்துத்தான் எழுத வேண்டும். நொடிக்கு 10,000 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை, வெளியே 0.05 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும், உள்ளே 0.02. முள்ளின் முனையே ஏறக்குறைய அந்த அளவு உருண்டை. கடைசிப் பாட்டில் ‘ஸ’ ஒலிகள் கரகரப்பது அதனால்தான்.

சரி, இந்த வாய்க்காலை ஆயிரக்கணக்கில் எப்படிச் செய்கிறார்கள்? ஒவ்வொரு தட்டையும் வெட்டுவதில்லை. அலுமினியத் தகட்டின் மேல் அரக்கு மாதிரி ஒரு பூச்சு பூசி, அதில் ஒரே ஒரு தடவை, சூடாக்கிய மாணிக்கக்கல் உளியால் பள்ளத்தை வெட்டுகிறார்கள். பூச்சு நைட்ரோசெல்லுலோஸ், வெடிபஞ்சின் உறவுக்காரன். உலகத்துக்கே இந்தத் தகடு செய்துகொடுத்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று 2020-இல் கலிபோர்னியாவில் எரிந்து சாம்பலானது. வெட்டியதன் மேல் வெள்ளி தூவி, மின்முலாம் வழியே நிக்கல் ஏற்றி உரித்தெடுத்தால், பள்ளமெல்லாம் மேடாகிய உலோக அச்சு கிடைக்கும். தொழிலில் அதற்குப் பெயர் தந்தை. தந்தையின் மேல் மறுபடி நிக்கல் ஏற்றினால் தாய். அதில் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். தாயிலிருந்து பிறக்கும் பிள்ளைகள்தான் அழுத்தச்சுகள். சதுர்த்திக்குத் தெருவில் களிமண் பிள்ளையார் செய்யும் மர அச்சைப் பார்த்திருப்பீர்கள்; தும்பிக்கை உள்வாங்கிக் குழிந்திருக்கும், களிமண்ணை அமுக்கினால் வெளியே வரும். அதேதான். நீராவியால் இளக்கிய ஒரு கட்டிப் பி.வி.சி.யை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து நூறு டன் பாரத்தில் நசுக்கினால், அரை நிமிடத்தில் ஒரு தட்டு. அச்சு தேய்ந்தால் தாயிடமிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, தட்டு என்பது ஓர் உருவம். உருவத்தைச் சுமக்கும் பொருள் வெறும் பி.வி.சி., நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் குடும்பம். பிளம்பர் அந்தக் குழாயின் முனையை நெருப்பில் காட்டி, இளகியதும் விரித்து இன்னொன்றில் செருகுவார். எண்பது டிகிரி வாக்கிலேயே அது இளகத் தொடங்கிவிடும்.

1973 செப்டம்பர் 11 அன்று சிலி ராணுவம் அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. மறுநாள் ஹாராவைப் பல்கலைக்கழகத்தில் பிடித்து, சாண்டியாகோவில் ஒரு விளையாட்டு அரங்கத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களோடு கொண்டுபோனார்கள். அடித்தார்கள், கிட்டார் வாசித்த கைகளை நொறுக்கினார்கள், சுட்டுக் கொன்றார்கள். உடலில் 44 குண்டுகள். வயது 40. அவருடைய மனைவி, ஜோன் என்ற ஆங்கிலேய நடனக் கலைஞர், பிணவறையில் அடையாளம் காட்டி ஓசையில்லாமல் அடக்கம் செய்தார். அந்த அரங்கத்துக்கு 2003-இல் ஹாராவின் பெயர் வைத்தார்கள். நீதிமன்றக் கதை பல பத்தாண்டுகள் இழுத்தது. அதை இங்கே விரிக்கவில்லை.

தட்டை வெளியிட்ட டிகாப், சிலி கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் நிறுவனம். ராணுவம் அதன் இருப்பையும் மூலப் பதிவுகளையும் அழித்தது. சாண்டியாகோ தெருவில் படைவீரர்கள் புத்தகங்களைக் குவித்து எரிக்கும் புகைப்படங்கள் உலகறிந்தவை. தட்டுகளை மக்களே பயந்து எரித்ததும் உண்டு. எரிகிற தட்டில் முதலில் போவது பாட்டுதான். பொருள் தீப்பிடிப்பதற்கு வெகுமுன்பே, வெறும் சூட்டிலேயே, நெளிவுகள் இளகி வழுவழுப்பாகிவிடும். குரல் போன பிறகும் பிளாஸ்டிக் கொஞ்ச நேரம் கிடக்கும்.

ஆனால் எரித்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. ஒரே பிரதி என்றால் முடித்துவிடலாம். இது அச்சில் அமுக்கி ஊரெங்கும் போய்விட்ட சரக்கு. சிலர் மண்ணில் புதைத்தார்கள். அட்டை உறை செல்லரித்துப் போகலாம், பி.வி.சி. மக்காது. சிலர் வேறு தட்டின் உறைக்குள் போட்டு வைத்தார்கள். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிட்டால், அது எவர் பாட்டு என்று சோதனைக்கு வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? பள்ளத்தைப் பார்த்தே இது பீத்தோவன், இது இன்னார் என்று சொல்லக்கூடிய ஒரு மருத்துவர் பிலடெல்பியாவில் இருந்தார். ஆர்தர் லிண்ட்கென் என்று பெயர். 1982-இல் சோதித்துப் பார்த்து உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். சத்தமான பகுதிக்கும் அமைதியான பகுதிக்கும் ஒளி படுவதில் உள்ள வேறுபாட்டை வைத்துக் கண்டுபிடிப்பார். அவருக்கும் சிம்பொனிகள்தான் பழக்கம். அந்தப் படையில் அப்படி ஒருவர் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அழிவுக்குத் தப்பிய பதிவு நாடாக்களும் ரகசியமாக நாட்டைத் தாண்டின. ஜோன் இரண்டு மகள்களோடு வெளியேறி அவற்றைக் காப்பாற்றினார். வெளிநாடுகளில் புதுத் தாய், புதுப் பிள்ளைகள். உள்நாட்டில் கேசட்டுக்குக் கேசட் நகல் எடுத்துக் கைமாற்றினார்கள். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும். யார் அதற்குக் கவலைப்பட்டார்கள்? 2019 அக்டோபரில் சிலி மறுபடி கொந்தளித்து, சாண்டியாகோவில் ஊரடங்கு போட்டபோது, ஜன்னல்களிலிருந்தும் தெருக்களிலிருந்தும் எழுந்த பாட்டு இந்தத் தட்டின் முதல் பாட்டு. தேசிய நூலகத்தின் முன் கிட்டார்களோடு பெருங்கூட்டம் கூடி அதையே வாசித்தது. கூட்டத்தில் பலர் ஹாரா இறந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள்.

இதே கதையில் பள்ளம் விழாத ஒன்றும் இருக்கிறது. அரங்கத்தில் அடைபட்டிருந்த நாட்களில் ஹாரா ஒரு கவிதை எழுதினார். கூட இருந்த கைதிகள் அதைத் துண்டுத் தாள்களில் நகலெடுத்து, மனப்பாடம் செய்து, ஒரு பிரதியைக் காலணிக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்தார்கள். சொற்கள் முழுதாக வந்துசேர்ந்தன. இன்று யாரும் படிக்கலாம். பின்னால் வந்த பாடகர்கள் ஆளுக்கொரு மெட்டில் பாடியும் இருக்கிறார்கள். ஹாரா அதை எந்தச் சுருதியில் தொடங்கியிருப்பார், எந்தச் சொல்லில் மூச்சு வாங்கியிருப்பார் என்று கேட்டால், முள்ளை இறக்க அங்கே ஒரு கோடுகூட இல்லை.